அறுநூற்றிரண்டை அழித்த சேனாபதி

மயில்சாமிக்கு ஒரு ஆற்றாமை உண்டு. ரயில் என்ஜினை வாங்கச் சொன்னது அவன்தான் என்று அக்கா புருஷன் சேனாபதி டல்லாஸ் வட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். காப்பெல் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் அந்தப் பேச்சு வந்துவிடும். "எனக்கு என்னங்க தெரியும், மாப்ளதான் எடுங்கன்னு சொன்னான்" என்பார். வந்தவர்கள் திரும்பி மயில்சாமியைப் பார்ப்பார்கள். பவளம் அக்கா ரசக் கரண்டியோடு நின்று பார்ப்பாள். மற்றவர்கள் பார்வை அன்றோடு போய்விடும். அக்கா பார்வை வருஷக்கணக்கில் அவன் முதுகிலேயே இருந்தது.

உண்மையில் நடந்தது வேறு. அன்றைக்கு அவன் ஹூஸ்டனிலிருந்து இட்லி அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஃப்ரீவேயில் வந்துகொண்டிருந்தான். மழை கொட்டியது. பக்கத்து டிரக் தண்ணீரை வாரி இவன் கண்ணாடியில் இறைத்தது. அந்த நேரம் பார்த்து சேனாபதி போன் செய்தார்.

"மாப்ளே, ஒரு நீராவி என்ஜின் ஆன்லைன் ஏலத்துக்கு வந்திருக்கு. எடுத்துரலாமா?"

"உங்க இஷ்டம் மாமா" என்றான் மயில்சாமி.

அவர்கள் சொந்த ஊரான சங்ககிரிப் பக்கம் "உங்க இஷ்டம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அக்கா புருஷனிடம் அதற்கு மேல் ஒருத்தன் மறுத்துப் பேச முடியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா "உங்க இஷ்டமுங்க" என்று சொன்னால், வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். அமெரிக்காவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியதில் சேனாபதிக்கு அது மறந்துவிட்டது. இஷ்டம் என்று காதில் விழுந்ததும் பட்டனை அழுத்திவிட்டார். எதிர்த்து ஏலம் கேட்க ஆள் ஒருத்தரும் இல்லை. ஏன் ஒருத்தரும் இல்லை என்று அவர் யோசித்திருக்கலாம்.

சேனாபதிக்கு என்ஜின் மேல் சின்ன வயதுப் பிரியம் எதுவும் கிடையாது. என்ஜின் வாங்கிய புதிதில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து, சிறுவனாக இருந்தபோது ரயிலைப் பார்த்து ஏங்கினீர்களா என்று உருக்கமாகக் கேட்டாள். "இல்லம்மா, நாங்க எங்க போனாலும் பஸ்லதான் போவோம்" என்று அவர் சொன்னதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. காரணம் அதைவிடச் சாதாரணமானது. ஆயுசு முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனியில் யாரோ எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வீட்டுக்கு வந்து பவளத்தின் சமையலில் தப்புக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். மிக்ஸியை ஏன் இந்தப் பக்கம் வைத்திருக்கிறாய், கடுகு டப்பா ஏன் மேல் தட்டில் இருக்கிறது என்று பின்னாலேயே நடந்தார். பவளம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் திரும்பி நின்று, "ஏனுங்க, உங்களுக்குன்னு ஒரு வேலையத் தேடிக்குங்க. பெரிய வேலையாப் பாத்துத் தேடிக்குங்க" என்றாள்.

அதைவிடப் பெரியது விற்பனைக்கு இல்லை.

என்ஜின் நின்ற இடம் வேக்கோ போகிற வழியில் ஒரு சின்ன ஊர். மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால், புல் முளைத்த காலி இடத்தில், தன் நீளத்துக்குச் சரியாகப் போட்ட தண்டவாளத் துண்டின் மேல் நின்றது. முன்னாலும் பாதை இல்லை, பின்னாலும் இல்லை. வானத்திலிருந்து யாரோ இறக்கி வைத்துவிட்டு மறந்து போனது மாதிரி. முன்பு வைத்திருந்தவர் அதை ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். அவருக்கு முன்பு வைத்திருந்தவரும் அப்படித்தான். தீவனக் கடைக்காரர் ஹேங்க் இதைச் சேனாபதியிடம் சொல்லி, "நீங்கள் மூன்றாவது ஆள்" என்று கை குலுக்கினார்.

முதல் மாதமே பாய்லர் ஆள் ஒருவர் வந்தார். சுத்தியலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இருக்கும் குழாய்கள் எல்லாவற்றையும் உருவ வேண்டும், மேலே சுற்றியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸைத் தலையிலிருந்து கால்வரை மூடிய ஆட்கள் வந்து எடுக்க வேண்டும், இரும்பு எங்கெங்கே மெலிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும், பிறகு தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நெருப்பைப் பற்றிப் பேசலாம் என்றார். சேனாபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாய்லர் ஆள் போனதும், "அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம் மாப்ளே. மொதல்ல மணியத் தேய்ப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் கிளம்புவார்கள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து அக்கா மூலம் கிரீன் கார்டில் வந்தவன் என்பதால், வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை மயில்சாமிக்கு இல்லை. வெண்கல மணியைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். சக்கரத்துக்குச் சிவப்பு, உடம்புக்குக் கறுப்பு என்று பெயின்ட் அடித்தார்கள். அடுத்த வருஷம் அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இப்போதே கூவிக்கொண்டு கிளம்பிவிடும் போலிருக்கும். உள்ளே குளவிக் கூடு, எலி, ஒருதரம் பாம்பு. மயில்சாமி சங்ககிரியில் லாரி ஓட்டியவன். ஓடாத வண்டியைத் துடைப்பது அவனுக்குப் பொணத்துக்குச் சவரம் பண்ணுகிற மாதிரி இருந்தது. ஒருதரம் சொல்லியும் பார்த்தான்.

"மாமா, இது என்னைக்காச்சும் ஓடுமுங்களா?"

"ஓடோணும்னு என்ன மாப்ளே அவசரம்? நானே இப்பத்தான் ரிட்டயர் ஆயிருக்கறேன். அதுவும் கொஞ்சம் இருக்கட்டும்."

ஆயுத பூஜைக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்துச் சுண்டல் விநியோகம் நடக்கும். தீவனம் வாங்க வந்த மாட்டுக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்று சக்கரைப் பொங்கல் வாங்கித் தின்றார்கள். ஹேங்க் இரண்டாம் தரம் வந்து நிற்பார்.

இப்படியே போயிருக்கும். பவளம் கூட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

என்ஜினின் நம்பர் 602. முன்னால் நெற்றியில் வட்டமான பித்தளைத் தகட்டிலும், டிரைவர் நிற்கும் கூண்டின் இரண்டு பக்கமும் பெரிசாக அது இருந்தது. அந்த வருஷம் காப்பெலில் ஆலங்கட்டி மழை பெய்து காரும் கூரையும் சல்லடையாயின. மகள் பிரீத்தியின் கல்யாணம் தள்ளிப்போனது. சேனாபதி என்ஜினிலிருந்து இறங்கும்போது முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். பவளம் ஒருநாள் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் விரல் விட்டுக் கூட்டினாள். ஆறும் இரண்டும் எட்டு.

"டேய் மயிலு, எட்டுடா. சனிடா. எட்டுல கார் நம்பர் வந்தாலே மாத்திக் கேக்கற குடும்பம்டா நம்முளுது. இவரு என்ஜினையே கொண்டாந்து வெச்சிருக்காரு. நீயும் எடுங்கன்னு சொல்லியிருக்கற."

"அக்கா, நான் உங்க இஷ்டம்னுதான்க்கா சொன்னேன்."

"அதச் சொல்றதுக்கு முன்னாடி கூட்டிப் பாத்திருக்கோணுமல்ல?"

ஈரோட்டு எண்கணித ஜோசியருக்கு வாட்ஸாப்பில் போட்டோ போனது. அவர் ரயில் என்ஜினுக்கு இதுவரை பார்த்ததில்லை என்றாலும், கம்பெனி பஸ்ஸுக்குப் பார்த்த அனுபவத்தை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு எண் கூட்டினால் போதும், 603 ஆக்கிவிடுங்கள், ஒன்பது வரும், செவ்வாய், இரும்புக்கும் நெருப்புக்கும் உகந்தது என்றார்.

சேனாபதி சிரித்தார். அவருக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. "சனிக்கு டெக்சாஸ்ல என்ன வேலை? அதுக்கு விசா யாரு குடுத்தா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் ஓட்ஸ் கஞ்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் பெயின்ட் டப்பாவைத் தூக்கிவிட்டார்.

கூண்டில் இரண்டை மூன்றாக்குவது சுலபமாக இருந்தது. வேலை முடிந்த போட்டோவைப் பார்த்த ஜோசியர், பழைய நம்பர் வண்டியில் வேறெங்கும் இருக்கக்கூடாது, ஒரு இடத்தில் இருந்தாலும் பலன் பாதிதான் என்று எழுதினார். அந்தக் காலத்து ஆட்கள் கழற்றி மாட்டும் ஒவ்வொரு இரும்பிலும் நம்பரைக் கொத்திவைத்திருந்தார்கள். சக்கரங்களைச் சேர்க்கும் தண்டில் இருந்தது, கதவில் இருந்தது, கைப்பிடியில்கூட இருந்தது. நம்பிக்கை இல்லாதவர் ஒரு வேலையில் இறங்கினால் நம்புகிறவரைவிடச் சுத்தமாகச் செய்வார் போலிருக்கிறது. சேனாபதி இரும்பு தேய்க்கும் கிரைண்டரை எடுத்துத் தீப்பொறி பறக்க ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தார். மகிழ்ச்சியாகவும் செய்தார். தப்பைத் தேடி அழிப்பது அவர் முப்பது வருஷம் பார்த்த வேலைதானே. கடைசி நாள் பவளமும் கூட வந்திருந்தாள். முதுகு பிடித்துக்கொண்டு, கிரைண்டரும் கையுமாகப் புல்லில் படுத்தவரை மயில்சாமி தூக்கிக் காரில் உட்கார வைத்தான்.

நெற்றித் தகடு மட்டும் மீந்தது. ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்று உத்தரவு. மூவரும் பிராஸோஸ் ஆற்றுப் பாலத்தில் காரை நிறுத்திவிட்டு, தகட்டை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு நின்றபோது ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் ஒருவர் வந்து என்ன என்று கேட்டார். இது எங்கள் மதச் சடங்கு என்றார் சேனாபதி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மயில்சாமி தகட்டை விடும்வரை தலை குனிந்து நின்றார். இறந்தவர் யார் என்று அவர் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

அப்புறம் பிரீத்திக்குக் கல்யாணம் நடந்து, விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கும் பிளசன்டன் ஊருக்குப் போனாள். இன்ஷூரன்ஸில் புதுக் கூரை வந்தது. முழங்காலும் சரியானது. எல்லாம் ஒன்பதாம் நம்பர் செய்த வேலை என்று பவளம் சொல்லிக்கொண்டாள். அமாவாசைக்கு அமாவாசை அவளும் இவர்களோடு காரில் ஏறிக்கொண்டாள். தேங்காய் உடைத்து, என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து எதையோ பார்த்துவிட்டு வருவாள். பக்தி என்று ஆண்கள் இருவரும் நினைத்தார்கள்.

போன வருஷம் ஹேங்க் கடையை விற்றார். பின்னாலிருந்த காலி இடமும் சேர்ந்து போனது. வாங்கியவர்கள் அங்கே டேட்டா சென்டர் கட்டப் போகிறார்கள். வெயில் காலம் முடிவதற்குள் என்ஜினை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர் வந்து துண்டு துண்டாக அறுத்து எடுத்துப் போவார் என்றார்கள். ஹேங்க் இதைச் சொல்லும்போது சேனாபதியின் முகத்தைப் பார்க்காமல் மாட்டுத் தீவன மூட்டையைப் பார்த்துச் சொன்னார்.

இரும்புக்காரரும் ஒருநாள் வந்து பார்த்தார். நல்ல மனிதர். கேஸ் கட்டரால் எங்கெங்கே அறுக்கலாம் என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, பளபளப்பான மணியைப் பார்த்து, பாவம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேனாபதி துண்டை நனைத்துக் கோடுகளை எல்லாம் துடைத்தார். அதற்கடுத்த வாரம் கோடு மறுபடி இருந்தது. மறுபடி துடைத்தார். வீட்டில் மிக்ஸி இடம் மாறியிருந்ததையும் கண்டுகொள்ளவில்லை. பவளத்துக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. மயில்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு, "கடுகு டப்பாவ வேணும்னே சிங்க்குக்கு அடியில வெச்சேன்டா. ஒன்னும் கேக்கல" என்றாள்.

பழைய என்ஜின்மேல் பிரியமுள்ளவர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில் சேனாபதி போட்டோ போட்டு, சும்மா கொடுக்கிறேன், எடுத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் சேர்ந்த பிறகுதான் மயில்சாமிக்கும் விஷயம் புரிந்தது. இந்த தேசம் முழுக்க இப்படித்தான் நிற்கின்றன. பண்ணைக்குப் பின்னால் ஒன்று, மூடிய தொழிற்சாலைக்குள் ஒன்று, மரமே உள்ளே புகுந்து வளர்ந்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனாபதி. எல்லாரும் அடுத்த வருஷம் பாய்லரைத் திறக்கப் போகிறவர்கள். போட்டோவுக்கு எத்தனையோ பேர் அழுகிற பொம்மை போட்டார்கள். ஒருவரும் லாரி அனுப்பவில்லை. மியூசியங்கள், எங்களிடமே ரிப்பேருக்குக் காத்து நிற்பது நிறைய இருக்கிறது என்று மரியாதையாக எழுதின.

பதினைந்து நாள் கழித்து டார்லீன் என்ற அம்மாள் எழுதினாள். கிழக்கு டெக்சாஸில் பைன் மரக்காட்டு ஊர் ஒன்றில் சின்ன மியூசியம் நடத்துகிறவர்களில் ஒருத்தி. அவர்களிடம் கூரை இருந்தது, கூரைக்கு அடியில் தண்டவாளம் இருந்தது, ரிப்பேருக்கு அரசாங்கம் கொடுத்த பணமும் இருந்தது. என்ஜின்தான் இல்லை. அந்த ஊரில் மரம் இழுத்த என்ஜின்களில் கடைசியாக மிஞ்சியது எங்கோ இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். சேனாபதியின் போட்டோவில் இருக்கும் உருவம் அதேதான், ஆனால் நம்பர் இடிக்கிறது, நேரில் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தாள்.

"எந்த நம்பரத் தேடறாங்களாம்?" என்றாள் பவளம்.

சேனாபதி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "அறுநூத்தி ரெண்டு" என்றார்.

டார்லீன் சனிக்கிழமை வந்தாள். நரைத்த தலை, பூட்ஸ், கழுத்தில் சிலுவை, கையில் டேப். இறங்கியதும் பேசாமல் என்ஜினை அளந்தாள். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். மெல்ல அவள் முகம் மலர்ந்தது. பிறகு கூண்டின் பக்கம் வந்து நிமிர்ந்து பார்த்தாள். மலர்ந்தது சுருங்கிவிட்டது.

"இது 603 என்கிறதே."

"அது 602-தான் மேடம். நான்தான் மாற்றினேன்."

"ஏன்?"

மயில்சாமி ஒன்பது வருஷமாகக் காத்திருந்தது இந்த மாதிரி ஒரு தருணத்துக்குத்தான். மாமா எப்படிச் சமாளிக்கிறார் பார்க்கலாம் என்று என்ஜின் நிழலில் வசதியாக உட்கார்ந்துகொண்டான். சேனாபதி தொண்டையைச் செருமினார். சனி கிரகம், கூட்டுத்தொகை, ஈரோட்டு ஜோசியர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார். ஆங்கிலத்தில் அது இன்னும் மோசமாக இருந்தது.

டார்லீன் முழுக்கக் கேட்டாள். "எங்கள் ஆட்களும் பதிமூன்றாவது மாடி கட்டமாட்டார்கள். அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஐயா, எங்கள் ஊரில் 603 என்றாலே ஆகாது. அது ஓடையில் விழுந்த என்ஜின். தூக்கி நிறுத்தினார்கள், மறுபடி விழுந்தது. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் கையில் எடுப்பதையெல்லாம் போட்டு உடைக்கும் பையனை 603 என்றுதான் கூப்பிடுவோம். 602 கடைசிவரை ஒரு ஆளுக்கும் கீறல் போட்டதில்லை. ராசியான என்ஜின்."

சேனாபதி மெதுவாகத் திரும்பிப் பவளத்தைப் பார்த்தார். மயில்சாமியும் பார்த்தான். பவளத்துக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும்.

"சனி அப்படித்தானுங்க" என்றாள் அவள், அசராமல். "கொடுக்கறதாயிருந்தா அவரு மாதிரி கொடுக்க ஆளில்ல."

டார்லீன் விடவில்லை. அவளுடைய மியூசியக் கமிட்டி நம்பரைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாது. 603-ஐக் கொண்டுபோய் நிறுத்தினால் ஊரில் ஒருத்தரும் கிட்டே வரமாட்டார்கள். இரும்பில் கொத்தியிருக்குமே, அதைக் காட்டுங்கள் என்றாள். சேனாபதி தண்டைக் காட்டினார். வழவழவென்று இருந்தது. கதவைக் காட்டினார். அதுவும் வழவழ. அவர் வேலை அப்படி. "முன்னால் நெற்றித் தகடு?" என்று கேட்டாள். பாலத்தையும் மஞ்சள் துணியையும் பற்றி அவர் சொன்னபோது டார்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கமிட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள். அவர்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று மயில்சாமிக்கு உடனே புரிந்தது. உங்க இஷ்டம்தான் அது.

டார்லீன் தன் கார் கதவைத் திறக்கும்வரை பவளம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். டேட்டா சென்டர்காரர்களின் வேலி இருபதடி தூரம்வரை வந்திருந்தது. சாக்பீஸ் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. சேனாபதி பையிலிருந்து ஈரத் துண்டை எடுத்து முதல் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் பவளம், "இருக்கச் சொல்லுங்க அந்தம்மாள" என்றாள்.

"ஏன்?"

"ஒரு எடத்துல இருக்குதுங்க."

"என்னது இருக்குது?"

"ரெண்டு."

சேனாபதி துண்டோடு நின்றார். "எல்லாத்தையும் நான் அழிச்சனே. ஒன்னு விடாம."

"உங்க தொப்பை போற எடத்துல எல்லாம் அழிச்சீங்க" என்றாள் பவளம். "சக்கரத்துக்கும் அந்தப் பெரிய சட்டத்துக்கும் நடுவால சந்து இருக்குதல்ல, அதுக்குள்ள. நீங்க முதுகு புடிச்சுப் படுத்தப்ப நான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். இருக்குதுன்னு சொன்னா மறுக்கா கிரைண்டரத் தூக்கிட்டு உள்ள போவீங்க. போனா ஆளு வெளிய வரமாட்டீங்க. அதான் சொல்லல."

"அப்ப பலன் பாதிதான்னு ஜோசியன் சொன்னானே, அதுக்கு என்ன பண்ணுன?"

"செப்புத் தகடு அனுப்பச் சொன்னேன். மந்திரிச்சது. அத மேல வெச்சு ஒட்டிட்டேன்."

"எதுல ஒட்டுன?"

"ஹோம் டிப்போ கடையில ஒரு பசை வாங்கி."

"யாரு ஒட்டுனா?"

பவளம் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். அமாவாசைக்கு அமாவாசை அவள் குனிந்து பார்த்தது அந்தத் தகடு இருக்கிறதா என்றுதான். தேங்காய் எல்லாம் சும்மா கணக்குக்கு.

தகடு அசைய மறுத்தது. பசை கம்பெனிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. மயில்சாமி சந்துக்குள் ஒரு தோளை மட்டும் நுழைத்து ஸ்குரூடிரைவரால் நெம்பினான். சட்டையும் தோலும் கிழிந்தன. "மெதுவாடா, யந்திரம்டா, வளைஞ்சா தோஷம்" என்று அக்கா ஒரு பக்கம். "அது கெடக்குது, இரும்புல கோடு போட்றாதே மாப்ளே" என்று மாமா இன்னொரு பக்கம். டார்லீன் பூட்ஸைக் கழற்றிவிட்டு மண்ணில் மல்லாந்து படுத்து டார்ச் பிடித்தாள். தகடு ஒரு மூலையில் எழும்பி, பிறகு மொத்தமாகப் பெயர்ந்து அவன் மூக்கின் மேல் விழுந்தது. கீழே துருப்பிடிக்காத இரும்பு, நேற்றுக் கொத்தியது மாதிரி மூன்று எண்.

டார்லீன் தாளை வைத்து மேலே பென்சிலால் தேய்த்தாள். தாளில் 602 வந்தது. எழுந்து உட்கார்ந்து, தலையில் ஒட்டிய புல்லைக்கூடத் தட்டாமல், பவளத்தைக் கட்டிக்கொண்டாள். தகட்டைப் பற்றி விசாரித்தவள், மூடியிருந்ததால்தான் துரு ஏறவில்லை, உங்கள் சாமி நன்றாக வேலை செய்திருக்கிறார் என்றாள்.

"ஜோசியர்கிட்ட சொன்னா இதுக்கும் தட்சிணை கேப்பான்" என்றார் சேனாபதி. மாதக்கணக்கில் அவர் பேசிய முதல் விளையாட்டுப் பேச்சு அது.

கமிட்டி ஒப்புக்கொண்டது. கூண்டில் மூன்றை மறுபடி இரண்டாக்கினார்கள். பவளம் தானே பக்கத்தில் நின்று வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பாய்லரைத் தனியாகவும் சக்கரங்களைத் தனியாகவும் கிரேன் வைத்துத் தூக்கி, நீண்ட டிரெய்லரில் ஏற்றிப் போவதாக ஏற்பாடு. அவர்கள் கொடுத்த தேதியும் பிரீத்தியின் பிரசவத்துக்கு டாக்டர் கொடுத்த தேதியும் ஒன்றை ஒன்று இடித்தன. ஏற்றுகிற நாளுக்கு சேனாபதி இருந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார். பிரீத்தி போனில் வந்து, "அப்பா, இட்ஸ் எ ட்ரெயின்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் டிக்கெட் போட்டார்.

சேனாபதியும் பவளமும் போனவர்கள் பேரனோடு பிளசன்டனிலேயே தங்கிவிட்டார்கள். காப்பெல் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மயில்சாமிக்கு ஓய்வு. என்ஜின் விஷயமாக மாமா அவனிடம் கடைசியாக ஒரு வேலை சொன்னது என்ஜினை ஏற்றிய நாள் காலையில்தான். டிரெய்லர் தீவனக் கடைப் பக்கம் வந்து நின்று, டிரைவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மயில்சாமி அதன் நீளத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏர்போர்ட்டிலிருந்து போன் வந்தது. சேனாபதி குசுகுசுவென்று பேசினார்.

"மாப்ளே, உங்க அக்கா தண்ணி பாட்டில் வாங்கப் போயிருக்கறா. சீக்கிரம் கேட்டுக்க. ஏத்தி முடிச்சாச்சா?"

"பாய்லர் ஏறிருச்சுங்க. சக்கரம் ஏத்திட்டு இருக்காங்க."

"வழியில பாலம் எல்லாம் வருதா?"

"வருமுங்க. டார்லீனம்மா ரூட் எல்லாம் பாத்துத்தான் வெச்சிருக்குது."

சேனாபதிக்குப் பின்னால் ஏதோ விமானத்துக்கு ஆள் கூப்பிட்டார்கள்.

"பக்கத்துல கடை இருக்குதல்ல, போயி எலுமிச்சம்பழம் வாங்கு. கெளம்பறதுக்கு முந்தி அந்த டிரெய்லர் வீலு ஒவ்வொன்னுக்கும் அடியில ஒன்னு வெய்யி."

"மாமா, நீங்களா சொல்றீங்க? அதுல எத்தன வீல் இருக்குதுன்னு தெரியுமுங்களா?"

"தெரியும். ஒன்னு கூட விட்றாத. உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாத."